வண்டித்தடமும் எங்கள் கம்ப்யூட்டர் வக்கீலும்

எங்கள் நிறுவனத்துக்கு முதலில் கிடைத்தது விசிட்டிங் கார்டு. காந்திபுரத்தில் ஓர் அச்சகத்தில் இருநூறு அட்டை அடித்தோம். என் அட்டையில் என் பெயருக்குக் கீழே நிர்வாக இயக்குநர் என்று இருந்தது. நண்பனின் அட்டையிலும் அப்படியே. யார் பெரியவர் என்ற சண்டை வேண்டாம் என்று அந்த ஏற்பாடு. நிறுவனத்தில் மூன்றாவது ஆள் கிடையாது, விற்க ஒரு பொருளும் அப்போது இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கோவையில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு இரண்டு வருடம் நீதிமன்றச் செய்தி எழுதிவிட்டு, இருபத்தாறு வயதில் நான் சட்டக்கல்லூரியில் சேர்ந்திருந்தேன். நண்பன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மாணவன். ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் குடும்பம். எதைப் பார்த்தாலும், "இதுக்கு ஒரு ஷெட்டு புடிச்சா ஓடும் மாப்ள" என்பான். நான் வழக்குச் செய்திகள் எழுதியிருந்ததால் எனக்குச் சட்டம் தெரியும் என்று அவன் நம்பினான். அவன் மண்டிக்காரர் மகன் என்பதால் அவனுக்கு வியாபாரம் தெரியும் என்று நான் நம்பினேன். இரண்டையும் யாரும் சரிபார்க்கவில்லை.

அந்த வருடம் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை தொழில்முனைவோர் போட்டி ஒன்றை அறிவித்தது. வெல்கிறவர்களுக்கு வளாகத்துக்குள் ஓர் அறை, அதில் ஒரு தொலைபேசி. பத்திரிகையில் பழகிய புத்தி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறை ஒரு தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரத்துக்குப் போனது. அந்த இயந்திரம் வேலை செய்தது.

எங்கள் பொருள், செயற்கை அறிவு கொண்டு சட்ட ஆலோசனை சொல்லும் நிரல். வக்கீலிடம் போகும் முன் கம்ப்யூட்டரிடம் வாருங்கள் என்பது விளம்பர வாசகம். நான் சட்டத்தை விதிகளாக உடைத்துக் கொடுப்பேன், நண்பன் அவற்றை நிரலாக எழுதுவான். திரையில் கேள்விகள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் வரும். ஆம் என்றால் ஒரு விசை, இல்லை என்றால் ஒரு விசை. வேறு எதையும் அது ஏற்காது. முடிவு மட்டும் தமிழில் அச்சாகும். அந்தத் தமிழ் எழுத்தை அச்சு இயந்திரத்தில் வரவழைக்க நண்பனுக்கு இரண்டு மாதம் ஆனது. சட்டத்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. இந்த விகிதத்தில் ஏதோ கோளாறு என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

முதல் கட்டமாக வழியுரிமை வழக்குகளை எடுத்துக்கொண்டோம். இந்தப் பக்கத்துச் சிவில் நீதிமன்றங்களில் தடமும் தண்ணீரும்தான் அதிகம், சந்தை பெரியது என்று விண்ணப்பத்தில் எழுதினேன். நான் முழுதாகப் படித்திருந்த பாடம் அது ஒன்றுதான் என்பதை எழுதவில்லை.

இன்னொன்றையும் எழுதவில்லை. கடைசி விசையை அழுத்தியதும் முடிவு கண் இமைப்பதற்குள் வந்துவிடும். அவ்வளவு வேகத்தை யாரும் மதிக்கவில்லை. அதனால் நண்பன் எட்டு வினாடி தாமதம் சேர்த்தான். அந்த எட்டு வினாடியும் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நகரும். பார்க்கிறவர்கள், அது யோசிக்கிறது என்று நினைப்பார்கள். நான்கூடச் சில சமயம் நினைத்திருக்கிறேன்.

எங்கள் நிரல் ஓடிய பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தைத் திறந்து பூட்டுவது, வெளியே செருப்பு ரேக்கைக் கவனிப்பது எல்லாம் ஓர் அக்காவின் பொறுப்பு. வயது நாற்பத்தைந்து இருக்கும். ஊர் தாராபுரம் பக்கம். வாரநாட்களில் கோவையில் தங்கை வீட்டில் இருந்துகொண்டு, சனிக்கிழமை மாலை ஊருக்குப் போய்விடுவார். ஒரு வெள்ளிக்கிழமை, அதே ரேக்கில் தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க சார், இது நெசமாலுமே சட்டம் சொல்லுமுங்களா?"

"சொல்லுமுங்க்கா. வக்கீலுங்க மாதிரி வாய்தா கூடக் கேக்காது" என்றான் நண்பன்.

அவர் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா காலமெல்லாம் பிறர் தோட்டத்தில் கூலி வேலை செய்து, ஒன்றேகால் ஏக்கர் வாங்கினார். இப்போது கணவர் அதில் வெங்காயம் போடுகிறார். அங்கே போக வேண்டுமென்றால், முன்னால் இருக்கும் பெரிய தோட்டத்தின் ஓரமாக ஒரு வண்டித்தடம். தோட்டத்துக்காரர் தென்னை வைக்கப்போவதாகச் சொல்லி, கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட ஆரம்பித்திருக்கிறார். தடம் போய்விட்டால் வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் வர வேண்டும். அதில் வண்டி வராது. வெங்காய மூட்டை அத்தனையும் தலைச்சுமைதான்.

அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. திரையில் வந்த கேள்விகளை நான் தமிழில் கேட்டேன்.

"அந்தத் தடத்துல எத்தனை வருசமாப் போறீங்கக்கா?"

"எங்கப்பங் காலத்துல இருந்துங்க. நாப்பது வருசம் இருக்கும்."

இருபதுக்கு மேல் என்றால் போதும். ஆம் என்று அழுத்தினேன்.

"நடுவுல யாராச்சும் தடுத்தாங்களா?"

"ஒரு சொல்லு வந்ததில்லீங்க, இந்த மாசி வரைக்கும்."

இல்லை.

"தோட்டத்துக்காரரைக் கேட்டுட்டுத்தான் போவீங்களா?"

"ஆமாங்க. கேக்காம எப்படிங்க போறது? நாங்களாகட்டும் எங்கப்பனாகட்டும் ஒருக்காலும் கேக்காமப் போனதில்ல."

அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். நான் ஆம் என்று அழுத்தினேன். சட்டம் இதில் தெளிவானது. ஒருவர் நிலத்தில் நீங்கள் இருபது வருடம் உரிமையோடு நடந்தால் வழி உங்களுடையது. அவரிடம் அனுமதி வாங்கி எத்தனை வருடம் நடந்தாலும் அது அவர் தயவு, அவ்வளவுதான். புள்ளிகள் நகர்ந்தன. அக்கா புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சு இயந்திரம் இரைந்து ஒரு தாளைத் தள்ளியது. மேலே எங்கள் நிறுவனத்தின் பெயர், கீழே 'வழியுரிமை இல்லை'.

அவர் தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டார். நண்பன் ஒரு நகலை விண்ணப்பக் கோப்பில் சேர்த்தான். முதல் முறையாக நிஜமான ஒருவருக்கு நிஜமான தீர்ப்பு சொல்லியிருந்தோம். அன்று மாலை இரண்டு பேரும் ரொம்ப மகிழ்ச்சியாகப் பரோட்டா சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை அக்கா, ரேக் பக்கத்தில் நின்றே நன்றி சொன்னார்.

"சொல்லிப்போட்டேனுங்க சார். அவியகிட்டயே தாளைக் காமிச்சுக் குடுத்துட்டேன்."

"தோட்டத்துக்காரர்கிட்டயா? ஏங்க்கா குடுத்தீங்க?"

"கம்ப்யூட்டரே இல்லைன்னு சொன்னப்பறம் என்னங்க வம்பு? வர்ற ஞாயித்துக்கெழமை, தடம் வேண்டாம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடலாம்னு சொன்னாங்க. செரின்னுட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் சட்டம் பேசியிருப்பேன். நன்றி சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. புத்தகத்தை எடுத்து அந்தப் பாடத்தை மறுபடி படித்தேன். விதியில் தவறில்லை. "பொறவென்ன மாப்ள, நம்ம சிஸ்டம் கரெக்ட்டு" என்றான் நண்பன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த ஊருக்குப் போனேன். நியாயம் கேட்கப் போனதாகப் பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. விண்ணப்பத்தில் ஒட்ட ஒரு புகைப்படம் தேவைப்பட்டது: பயனாளி தன் நிலத்தில், கையில் எங்கள் தாளோடு. இரவல் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தாராபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா நிறுத்தத்துக்கே வந்திருந்தார். இருவரும் நடந்து பெரிய தோட்டத்தின் வாசலுக்கு வந்தோம். பதினோரு கல்லுக்கால்கள் வரிசையாக நட்டிருந்தன. கம்பி இன்னும் இழுக்கவில்லை. கடைசி இரண்டு கால்கள் தடத்தின் நடுவில் நின்றன. அங்கே அக்கா நின்றார். கிணற்றுப் பக்கம் பார்த்து, அதிகம் உயராத குரலில், "ஏனுங்க, தடத்துல போறமுங்க" என்றார். உள்ளேயிருந்து, "போங்க அம்மணி" என்று பதில் வந்த பிறகுதான் காலெடுத்து வைத்தார். இவரிடமிருந்து அந்தத் தடத்தைப் பறிக்கப்போகிறவரின் குரல் அது. அதில் கொஞ்சமும் விரோதம் இல்லை.

எங்களுக்குப் பின்னால் மொபெட்டில் ஒரு பால்காரர் வந்தார். அவரும் அதையே சொன்னார், வேகத்தைக் குறைக்காமல். பதில் வருவதற்குள் தென்னங்கன்றுக் குழிகளைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் நின்றுவிட்டேன். அக்கா சொன்ன 'கேட்டுட்டுத்தான்' இதுதானா என்று கேட்டேன்.

"ஆமாங்க. வேறென்னங்க?"

"அவர் ஊட்டுல இல்லாட்டி?"

"கொரலு குடுத்துட்டுப் போவோமுங்க."

"பதிலு வரலைன்னா?"

"பதிலு எதுக்குங்க? மூட்டைய ஏத்தி வெச்சுட்டு, மழை வர்ற நேரத்துல இங்கயே நின்னுட்டா இருக்க முடியும்?"

அந்த வெள்ளிக்கிழமை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. என் பட்டியலில் அது இல்லை. இந்த ஊர்ப்பக்கமே பிறந்து வளர்ந்து, அடுத்தவர் தோட்டத்தில் நுழையும்போதெல்லாம் நானும் குரல் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அது மறந்துபோனது.

தோட்டத்துக்காரர் வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே வந்தார். அறுபது வயதிருக்கும். "வாங்க, கம்ப்யூட்டர்காரருங்களா?" என்று கயிற்றுக்கட்டிலைக் காட்டினார். மோர் வந்தது. பிறகு எங்கள் தாளும் வந்தது. தாராபுரத்தில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார். அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதிய எதற்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

"இது தப்புங்க" என்றேன்.

"எது?"

"அந்தத் தாள். அதுல சொன்னது."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லுமுங்களா?"

"கம்ப்யூட்டர் இல்லீங்க. நான். உங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுப் போறாங்கன்னு பொத்தானை அமுக்கிட்டேன். அவங்க சொல்லிட்டுப் போறாங்க, அவ்வளவுதான். நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா நின்னிருப்பாங்களா?"

"நான் எதுக்குங்க வேண்டாங்கறேன்? ஆளு இருந்தாலும் போவாங்க, இல்லாட்டியும் போவாங்க. போகாம?"

"அப்ப அது உரிமைங்க. கொரலு குடுக்கறது மரியாதை."

"பொறவு அது அத்தன நேரம் யோசிச்சுதுன்னு அம்மணி சொல்லுச்சு? புள்ளி புள்ளியா வந்துச்சாமே?"

புள்ளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அது யோசிக்கவில்லை, யோசிப்பது போலத் தெரிவதற்காக நாங்களே வைத்தது என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். தோட்டத்துக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்த ஒரு பொத்தானை மாத்தி அமுக்குனா?"

"வழியுரிமை உண்டுன்னு வருமுங்க."

"நீங்க அமுக்கறதைத்தான் அது சொல்லுதுன்னா, அது எதுக்குங்க?"

எங்கள் போட்டியின் நடுவர்கள் மூன்று பேரும் பிறகு அரைமணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

தப்பு என்பதை எழுதிக் கொடுக்கச் சொன்னார் தோட்டத்துக்காரர். லேமினேட் செய்த தாளில் பேனா ஓடவில்லை. அக்கா பையில் வைத்திருந்த, அவர் மகளுடைய நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, மேற்படி ஆலோசனை என் பிழையால் தவறாக அச்சானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று பளபளப்பாக, எங்கள் நிறுவனத்தின் பெயரோடு. இன்னொன்று கோடு போட்ட தாளில், என் கையெழுத்தில். எது பார்க்க நன்றாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

"எழுதிக் குடுத்தா ஆச்சுங்களா? அம்மணி செரின்னுட்டுத்தான போச்சு" என்றார். "என்ன அம்மணி, கையெழுத்துப் போடறீங்கல்ல?"

அக்கா அதுவரை கல்லுக்கால் வரிசைக்கு வெளிப்பக்கமே நின்றிருந்தார். இந்தப் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பார்க்கலாங்க என்பார்கள், யோசிச்சுச் சொல்றனுங்க என்பார்கள். அவரும் அப்படித்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"போடலீங்க" என்றார். "தடம் வேணுமுங்க."

தோட்டத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கல்லு நட்டாச்சே."

"ரண்டு கல்லுதானுங்க தடத்துல நிக்குது."

"செரி. வண்டி போற அளவு உடறேன்."

"இப்ப வண்டி யாருங்க வெச்சிருக்கறாங்க? டிராக்டர் போற அளவுங்க."

"அதுக்கு எத்தன அடி?" என்று அவர் என்னைக் கேட்டார். அக்காவும் என்னைப் பார்த்தார். தெரியாதுங்க என்றேன்.

விட்டுப் பார்த்தே அளந்துவிடலாம் என்று தோட்டத்துக்காரர் ஆளனுப்ப, பக்கத்துத் தோட்டத்திலிருந்து டிராக்டர் வந்தது, டிரெய்லரோடு. கடப்பாரை போட்டு இரண்டு கால்களையும் பெயர்த்தார்கள். ஒன்றைத் தூக்க நான் கை கொடுத்தேன். அந்தக் கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை, ஓரடி தூக்கி இறக்கி வைத்துவிட்டேன். டிராக்டர் மெதுவாக நுழைந்தது. டிரெய்லரின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடம் விட்டு, மண்ணில் குச்சியால் கோடு கிழித்தார் தோட்டத்துக்காரர். அக்கா அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது இடிக்குமுங்க, இன்னொரு சாண் வேணும் என்றார். டிராக்டரைப் பின்னால் எடுத்து, மறுபடி உள்ளே விட்டார்கள்.