பின்சில்லில் இறங்கிய பாரம்

2023 ஜூன் 10, சனிக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். இரத்த அழுத்த மாத்திரை ஒன்று, சீனி போடாத தேநீர் ஒரு கோப்பை. வெளியே பன்னிரண்டு பாகைக் குளிர், மேற்கிலிருந்து மெல்லிய காற்று. இவற்றை நாட்குறிப்பில் எழுதிவிட்டு 6.25க்கு வீட்டைப் பூட்டினேன். டென்மார்க்கின் கோல்டிங் நகரில் என் வீட்டிலிருந்து தங்கையின் வீட்டுக்கு நடந்தால் ஒன்பது நிமிடம்.

அன்றைய பக்கத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் போட்டிக்கு ஒடென்சே போக வேண்டும். சனிக்கிழமை சமையல், ஞாயிறு போட்டி. தங்கையின் கணவர் அந்த வசந்தத்தில்தான் ஒல்லாந்திலிருந்து ஒரு பழைய சமையல் ட்ரெயிலர் வாங்கியிருந்தார். அது வண்டியின் பின்னால் கொளுவுகிற சாதாரண வகை அல்ல. பிக்கப்பின் பின்தட்டில், பின்சில்லுகளுக்கு மேலே ஒரு இரும்புப் பூட்டைப் பொருத்த வேண்டும். ட்ரெயிலரின் நீண்ட கழுத்து அதன்மேல் ஏறி உட்காரும். பிக்கப்பும் மச்சானுடையதே. அது இதை இழுக்குமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்தார்.

நான் ஒரு கால்நடைத் தீவனத் தொழிற்சாலையில், வாசலில் லொறிகளை நிறுக்கிறவன். பத்தொன்பது வருடமாக அதுதான் வேலை. மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சில் பாரம் கூடிவிட்டது என்று எத்தனையோ சாரதிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கணக்கை வாசித்தேன். பிக்கப் இழுக்கக்கூடியது 3500 கிலோ. ட்ரெயிலர், அடுப்புகள், எரிவாயு, தண்ணீர்த் தொட்டி, பானைகள், அரிசி எல்லாம் சேர்த்து 3310. மீதி 190.

"அண்ணை, கோழியின்ர இறகையும் நிறுத்தோ பாத்தனீங்கள்?" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வியாழன் மாலை பிக்கப்பின் கைநூலை மறுபடி புரட்டினேன். வேறு எதையோ தேடிப் போய், 950 என்ற எண்ணில் கண் நின்றது. அது பிக்கப் தன் முதுகில் சுமக்கக்கூடிய பாரம், ஆட்களும் சேர்த்து. ட்ரெயிலர் முழுவதையும் இழுபடுகிற பொருளாகவே நான் எண்ணியிருந்தேன். ஆனால் கழுத்து பிக்கப்பின்மேல் அல்லவா உட்காருகிறது! 3310இல் ஐந்தில் ஒரு பங்கு அங்கே இறங்கும் என்று வைத்தால் 660. இரும்புப் பூட்டு 110. நாங்கள் நான்கு பேர் 270. கூட்டினால் 1040. தொண்ணூறு கிலோ கூட. தண்ணீர்த் தொட்டி வேறு கழுத்துக்கு நேரே இருந்தது. உண்மையில் இன்னும் கூடத்தான் வரும்.

லொறிக்காரர்களிடம் தினமும் சொல்கிற விஷயம். அதில்தான் பிழைவிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிய எங்கள் தராசில் பிக்கப்பையும் ட்ரெயிலரையும் ஏற்றிப் பார்த்திருக்கலாம். முகாமையாளர் மறுக்கமாட்டார். ஆனால் மச்சானை வரச்சொன்னால் ஏன் என்று கேட்பார். சொன்னால், கூட்டத்தில் நான் வாசித்ததைக் கேட்ட அத்தனை பேருக்கும் என் பிழை தெரிந்துவிடும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதை நான் செய்யவில்லை.

சனி காலை ட்ரெயிலர் வாசலில் நின்றது. எங்கள் ஆட்களில் ஒருவர் எங்காவது வண்டியில் போகிறார் என்று தெரிந்தால் போதும், "போற வண்டிதானே" என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து தருவார்கள். வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு. கூடார மூட்டை, மடக்கு மேசைகள், தையல் மெசின் ஒன்று. எல்லாம் முன்பக்கப் பெட்டிக்குள், கழுத்துக்கு நேர்மேலே போயின.

"அரிசி மூட்டையளைப் பின்னுக்குத் தள்ளி வைப்பமே?" என்று தங்கையிடம் மெல்லக் கேட்டேன்.

"பின்னுக்கு ஈரம், அண்ணை. ஏன், நீங்கள்தானே எல்லாம் சரி எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம்," என்றேன்.

பிக்கப்பின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கியிருந்தது. பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

சிறுபெல்ட் கடற்பாலத்தைத் தாண்டி ஃபூனன் தீவுக்குள் வந்து இருபது நிமிடம் இருக்கும். எண்பதில் போய்க்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் என் பக்கத்தில் இருந்த மருமகள், தங்கையின் பதின்மூன்று வயது மகள், பாட்டுக் கேட்ட காதுக்கருவியைக் கழற்றிவிட்டு ஏதோ எரிகிற மணம் என்று டெனிஷில் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கவில்லை, பிக்கப்பின் வலது பின்சில்லு வெடித்தது. பிக்கப் பக்கவாட்டில் இழுபட்டது. பின்னால் வந்த லொறியின் கோர்ன் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. மச்சான் பிறேக்கை அழுத்தாமல், இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

தடுப்புக்கு அப்பால் புல்லில் நின்றோம். தங்கைக்குப் பயம் இறங்க இறங்கக் கோபம் ஏறியது.

"புது ரயர் போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? இருக்கிறதே காணும், காணும் எண்டு நிண்டனீங்கள். பிள்ளையும் எல்லே உள்ளுக்கு இருந்தவள்!"

"சரியப்பா, என்ர பிழைதான்," என்றார் மச்சான்.

மருமகள் என் பக்கம் திரும்பி, பாரம் கூடிவிட்டதா மாமா என்று டெனிஷில் கேட்டாள்.

"இல்லையம்மா," என்றேன் தமிழில்.

உதவி வண்டியில் வந்தவர் நரைத்த தாடிக்காரர். வெடிக்காத மற்றப் பின்சில்லில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்து உடனே எடுத்தார். கழுத்துப் பாரம் எவ்வளவு, நிறுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். மச்சான் பெருமையாகவே என்னைக் காட்டினார்: மனைவியின் அண்ணர் கணக்குப் பார்த்தவர், அவருக்கு அதுதான் தொழில் என்று.

தாடிக்காரர் என்னைப் பார்த்தார். "எல்லைக்குள்தான்," என்றேன். "ரயர்தான் பழசு."

என் டெனிஷ் அன்று தடுமாறவே இல்லை. அவர் அந்த மற்றச் சில்லை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு, உங்களுக்குத் தெரிந்தால் சரி என்று சொல்லிவிட்டு மேலதிகச் சில்லைப் பூட்டத் தொடங்கினார்.

மிச்சத் தூரத்தை அறுபதில் போனோம். பாலத்தின் நடுவில் வெடித்திருந்தால் என்று நினைத்தேன். மருமகள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மாலையில், சமையல் நடக்கும் இடத்தில் தங்கை கதையை எல்லோருக்கும் சொன்னாள். கதையில் குற்றவாளி மச்சான். "ரயரையும் பெட்டகத்துக்குள்ள வைச்சுப் பூட்டுற ஆள்," என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு. "நிறுக்கிற அண்ணை கூட வந்தபடியாலதான் தப்பினியள்," என்றார் இன்னொருவர். மச்சான் தலையைக் குனிந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். நிறுத்தாமல் பிழிந்தேன், சக்கையிலிருந்து ஒரு சொட்டும் வராத பிறகும்.

பிறகு மச்சான் தானே சொன்னார்: "புது ரயருக்குச் சொல்லிப்போட்டன், நாளைக்குக் கொண்டுவந்து பூட்டுவினம். இனிப் பயமில்லை. திரும்பிப் போகேக்க, போட்டிக்கு வாற பக்கத்து வீட்டுப் பெடிச்சியையும் ஏத்துறன். ஒரு இடம் இருக்குத்தானே?"

கூடாரமும் மேசைகளும் திரும்பவும் முன்பெட்டிக்குள்தான் போகப்போகின்றன. இந்தத் தரம் உள்ளே இரண்டு பிள்ளைகள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் மெத்தை விரித்து, வழக்கம்போல நாட்குறிப்பைத் திறந்தேன். தினமும் எழுதுகிறவன். வானிலை, மாத்திரை, நடந்த தூரம் எல்லாம் பிசகாமல். அந்தப் பக்கத்தில் 'ரயர் வெடித்தது' என்று எழுதலாம், அது பொய்யல்ல. பேனையை மூடி வைத்தேன்.

ஜூன் 11, ஞாயிறு. 5.40க்கு எழுந்தேன். மாத்திரை போடவில்லை, வெளியே எத்தனை பாகை என்று பார்க்கவில்லை. நேரே ட்ரெயிலருக்குப் போனேன். மச்சான் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"ரயரில பிழையில்லை," என்றேன். "என்ர கணக்கில பிழை. கழுத்துப் பாரத்தை நான் சேர்க்கேல்லை."

"இப்பவோ கண்டுபிடிச்சனீங்கள்?"

"வியாழக்கிழமை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைக் குறைத்தார். பிறகு முழுவதுமாக அணைத்தார்.

"ரோட்டில நிக்கேக்கயும் தெரியும்."

"ஓம்."

"பிள்ளை கேக்கேக்கயும்."

"ஓம்."

கேத்தலின் மூடியை எடுத்து ஒருமுறை துடைத்துத் திரும்ப வைத்தார்.

"உங்கட தங்கச்சியிட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்கோ, அண்ணை," என்றார். "நான் சொன்னா அவள் நம்பமாட்டாள்."