என் எழுத்து, அவர் ஒப்பம்

ஆஸ்பத்திரியில் நோய்களுக்கு எண் போடுகிற வேலையில் நான் ஏழு வருடம் இருந்தேன். அந்த ஏழு வருடமும் எனக்குச் சம்பளம் கிடையாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இலங்கையின் கிழக்கில் எங்கள் கல்முனைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கமே தேவையில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிரதேச சபை எங்கே போனாலும் இரண்டு மூன்று தொண்டர்கள் இருப்பார்கள். ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்று நம்பி, காலையில் ஒப்பம் வைத்து, மாலைவரை வேலை செய்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்கள். ஏ.எல். பரீட்சை எழுதி, கெம்பஸில் படிக்க இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்த என்னை வாப்பா ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு கொண்டுபோய் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம் அது. எல்லாம் சரிவரும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

என்னை விட்ட இடம் பதிவேட்டு அறை. நோயாளி வார்டில் இருக்கும்வரை அவருடைய கட்டிலோடு தொங்கும் நோய்க்குறிப்பு டிக்கட், அவர் வீட்டுக்குப் போனதும் எங்கள் அறைக்கு வரும். டொக்டரின் கோழிக் கிறுக்கலை வாசித்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தலையணை மாதிரி இருந்த ஆங்கிலப் புத்தகத்தில் அந்த நோய்க்குரிய எழுத்தையும் எண்ணையும் தேடி, டிக்கட்டின் மேல் மூலையில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கூட்டி, ஒரு பெரிய படிவத்தில் நிரப்பிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அறைக்குப் பொறுப்பாக இருந்த கிளாக்கர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர். நல்ல மனிதர், ஆனால் அந்தப் புத்தகத்தைக் கண்டாலே அவருக்குத் தலையிடிக்கும். ஒரு மாதத்துக்குள் புத்தகம் என் மேசைக்கு வந்துவிட்டது. படிவமும் வந்துவிட்டது. அதன் அடியில் ஒப்பம் போடுவது மட்டும் அவருடைய வேலையாக மிஞ்சியது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஊரில் என்ன காய்ச்சல் பரவுகிறது, எந்த வயலில் பாம்பு கடிக்கிறது என்பதெல்லாம் டொக்டர்களுக்கு முதல் எனக்குத் தெரியும். கொஞ்சம் திமிரும் இருந்தது. டொக்டர் எழுதாத நோய்க்கு நான் எண் போடமாட்டேன். அது நெருப்புக் காய்ச்சல்தான், சும்மா போட்டு அனுப்பு என்று வார்டில் தாதிகளாக இருந்த மிஸ்மார் வந்து சொல்வார்கள். டொக்டர் எழுதட்டும் என்று டிக்கட்டைத் திருப்பிக் கொடுப்பேன். எழுதாதது நடக்கவில்லை, இந்த வேலையின் முதல் சட்டம் அதுதான். புத்தகத்தின் முன்பக்கங்களை எழுத்துக்கூட்டி வாசித்து நானே படித்துக்கொண்ட சட்டம் அது. சுவர்க்கத்திலிருந்து கதீஜா நாச்சியாரே வந்து கேட்டாலும் இவள் எண் போடமாட்டாள் என்று மிஸ்மார் என்னைக் கேலி செய்வார்கள்.

சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று எனக்கு லீவு. எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கம், தப்பிவிட்டது. ஆஸ்பத்திரி கடலைப் பார்த்து இருந்தது. சில நாள் கழித்து உள்ளே போனபோது பதிவேட்டு அறையின் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, தண்ணீர் நின்ற கறை கோடு போட்டது போல இருந்தது. அலுமாரிகள் குப்புறக் கிடந்தன. டிக்கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிசைந்த ரொட்டி மாவாகக் கிடந்தன. எண் புத்தகம் சேற்றுக்குள் இருந்து கிடைத்தது. நாங்கள் தினமும் ஒப்பம் வைக்கும் வரவுப் புத்தகம் கிடைக்கவில்லை. அதை நான் தேடவும் இல்லை. இத்தனை மையித்துகளை அடக்கிக்கொண்டிருந்த வாரத்தில் வரவுப் புத்தகத்தை யார் தேடுவார்கள்?

ஆஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறியது. எண் புத்தகத்தை மதிலில் விரித்துக் காயவைத்தேன். பக்கங்கள் ஊதி, பழைய பருமனைப்போல இரண்டு மடங்காகிவிட்டது. அந்தப் புத்தகத்தில் சுனாமிக்கென்று தனி இடம் இருக்கவில்லை. பூமி நடுக்கத்துக்கு இருந்தது, புயலுக்கு இருந்தது. தேடித் தேடி, இயற்கையின் ஏனைய சக்திகள் என்ற வரியின் கீழ் எங்கள் ஊரைப் போட்டேன். 

அடுத்த மாதமே வெள்ளை நிறப் பிக்கப்புகள் ஊருக்குள் நிறைந்துவிட்டன. ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு முகாம்களில் என்ன நோய் வருகிறது என்று பதிவதற்கு ஆள் தேவைப்பட்டது. எண் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சொன்ன மாதச் சம்பளம், ஆசிரியராக இருந்த என் மச்சானின் சம்பளத்தைவிடக் கூட. நான் போகவில்லை. தொண்டர் சேவை இடையில் அறுந்தால் நிரந்தரமாக்கும்போது எடுக்கமாட்டார்கள் என்று மச்சான் சொன்னார், வாப்பாவும் சொன்னார், ஊரே சொன்னது. எனக்கு மூத்தவள் ராத்தா மட்டும் என்னைப் பைத்தியம் என்றாள். எனக்குப் பக்கத்தில் இருந்த, எண் போடத் தெரியாத தொண்டர்ப் பெண் அந்த வேலைக்குப் போனாள். மூன்று வருடத்தில் மேல்வீடு கட்டி, கலியாணமும் முடித்துவிட்டாள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். எனக்குப் பேசி வந்த இடத்தில், புள்ளைக்கு நியமனம் கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, பொய் சொல்வானேன்.

யுத்தம் முடிந்தது. வீதிகள் திறந்தன. சில மாதத்தில் சுற்றறிக்கை வந்தது, தொண்டர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள், நேர்முகப் பரீட்சை திருகோணமலையில். உம்மா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்து அழுதா. நிபந்தனை ஐந்து வருடத் தொடர்ச்சியான சேவை, எழுத்து ஆதாரத்தோடு. எனக்கு ஏழு வருடம் இருக்கிறதே என்று சிரித்தேன். பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கையில் இருந்த வரவுப் புத்தகங்கள் எல்லாம் சுனாமிக்குப் பிறகு போட்டவை. ஐந்து வருடத்துக்குச் சில மாதங்கள் குறைந்தன. அதற்கு முந்திய இரண்டரை வருடம் கடலோடு போயிருந்தது.

அந்தக் காலத்துப் பெரிய டொக்டர் வெளிநாடு போய்விட்டார், விலாசம் கூட யாரிடமும் இல்லை. மிஞ்சியவர் கிளாக்கர்தான். அவர் ஓய்வு பெற்று பாண்டிருப்பில் இருந்தார். அவருடைய பழைய வீட்டையும் அதே கடல்தான் கொண்டுபோயிருந்தது. யாரோ கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீட்டில் இருந்தார். தேத்தண்ணி தந்து, வாப்பாவைச் சுகம் விசாரித்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். சுனாமிக்கு முன்னால் நான் அங்கே வேலை செய்தேன், எண் போட்டேன், படிவம் நிரப்பினேன் என்று நாலு வரி எழுதித் தந்தால் போதும் என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் எழுதித் தந்தா, அப்ப இவ்வளவு காலமும் நீங்க என்ன செய்தீங்க எண்டு என்னைக் கேப்பாங்க பிள்ளை,” என்றார். “பென்ஷன் மட்டுந்தான் எனக்கு இப்ப இருக்கு.”

எண் போட்டதைப் பற்றி எழுத வேண்டாம், நான் வந்து போனதாக மட்டும் எழுதுங்கள் என்று கெஞ்சினேன். வந்து என்ன செய்தாள் என்று கேட்பார்களே என்றார். அது சரிதான், கேட்பார்கள்தான். அவர் பொய் சொல்லவில்லை, என்னை ஏசவில்லை, கையை விரித்தார், அவ்வளவுதான். கெட்ட மனிதராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டாவது வந்திருப்பேன். தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நேர்முகப் பரீட்சைக்கு வாப்பாவும் நானும் விடியற்காலை சுபஹுத் தொழுத கையோடு பஸ் ஏறினோம். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அதிகாரி மரியாதையாகக் கதைத்தார். என் கோப்பைப் பார்த்தார், மாதங்களைக் கணக்கிட்டார், சுனாமிக்கு முந்தியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். கொழும்புக்கு அனுப்பிய படிவங்களை நான்தான் நிரப்பினேன் என்றேன். அவற்றின் பிரதி அவர்களிடம் இருந்தது. ஒருவர் எழுந்துபோய் ஒரு பழைய கோப்புக் கட்டை எடுத்துவந்து மேசையில் விரித்தார்.  என் எண்கள். ஏழுக்கு நடுவில் கோடு போடுவது என் பழக்கம். அந்தத் தாள் முழுக்கக் கோடு போட்ட ஏழுகள். அதிகாரி வெள்ளைத் தாள் தந்து சில வரிகளை எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

“எழுத்து உங்கட எழுத்துத்தான் தங்கச்சி,” என்றார். “ஒப்பம் உங்கடதில்லையே.”

மேசையைத் தட்டிக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அவர் சொன்னது என் சட்டம். எத்தனை டிக்கட்டுகளை அதே சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன்! அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று தெரிந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல். அந்த முறை நியமனம் கிடைத்தவர்களில் எங்கள் அறைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருவரும் இருந்தார். அவரிடம் கடிதம் இருந்தது. திரும்பி வரும்போது, இன்னொரு தடவை எடுப்பார்கள் மகள் என்று வாப்பா இரண்டு முறை சொன்னார். அவருக்கும் நம்பிக்கையில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அடுத்த நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் ஆள் அனுப்பவும் இல்லை.

ஒன்றிரண்டு வருடம் கழித்து, பிரதான வீதியில் புடவைக் கடையொன்றின் மேல்மாடியில் ஒரு நிலையம் திறந்தார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளுக்கு இங்கிருந்தே எண் போட்டு அனுப்பும் வேலை. ஒளிமயமான எதிர்காலம், வெளிநாட்டுத் தரத்தில் சம்பளம் என்று துண்டுப் பிரசுரம் வீடு வீடாக வந்தது. ராத்தா அதை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். போனேன். முன்அனுபவம் எத்தனை வருடம் என்று படிவத்தில் கேட்டிருந்தது. கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். சுனாமிக்குப் பிறகான சேவைக்கு ஆஸ்பத்திரி தந்த கடிதத்தைக் காட்டினேன். பயிற்றுநர் பார்த்துவிட்டு, அது வேறு எண் புத்தகம், அமெரிக்காவில் இன்னும் பழைய புத்தகம்தான், இது இங்கே கணக்கில் வராது என்றார். ஏ.எல். முடித்த கையோடு வந்த பிள்ளைகளோடு என்னையும் புதியவள் என்று எழுதிக்கொண்டார்கள். முப்பது வயதில் நான் புதியவள்.

சம்பளத்தைக் கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். முதல் மூன்று மாதம் பயிற்சி, அதற்கு அரைச் சம்பளம். பிறகு எத்தனை குறிப்பு முடிக்கிறோமோ அத்தனைக்குக் காசு. பிழை விட்டால் வெட்டு. அன்று சுனாமி நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகையை இன்றுவரை நான் தொடவில்லை. மேலே போக வேண்டுமென்றால் அமெரிக்கப் பரீட்சை எழுத வேண்டும். அதன் கட்டணம் டொலரில், எங்கள் பல மாதச் சம்பளம். எழுதிப் பாஸ் பண்ணினால் மற்றவர்களின் வேலையைச் சரிபார்க்கலாம். அதற்கும் மேலே இருக்கிற ஒரே கதிரையில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை.

முதல் நாள் பயிற்றுநர் பலகையில் ஒரு வரி எழுதினார். எழுதாதது நடக்கவில்லை. இதுதான் இந்தத் தொழிலின் முதல் சட்டம், கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைகள் எல்லாரும் குனிந்து எழுதினார்கள். நான் பேனையைத் திறக்கவில்லை. விளங்கவில்லையா என்று கேட்டார். விளங்குகிறது சேர் என்றேன்.

இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். நான் போடும் ஒவ்வொரு எண்ணும் என் இலக்கத்தின் கீழ் விழும். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வியாழக்கிழமை மாலையில் அந்த வாரத்து வேலையைத் தாளில் அடித்து எடுத்துக்கொண்டு மனேஜரிடம் போவேன். என்னைவிடச் சின்னவர். முதல் முறை அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“இதெல்லாம் கொம்பியூட்டர்ல இரிக்கிதானே ராத்தா, ஆரு வந்து கேக்கப்போறாங்க?”

“ஆரும் கேக்க மாட்டாங்க தம்பி. நீங்க ஒப்பத்தப் போடுங்க.”

போட்டார். ரப்பர் முத்திரையையும் நன்றாக அழுத்திக் குத்தச் சொன்னேன். இப்போது கேட்காமலே குத்தித் தருகிறார். பின்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பது எனக்குத் தெரியும். அந்தத் தாள்களைப் பொலித்தீனில் சுற்றி வீட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சுவரில் அன்று தண்ணீர் விட்டுப்போன கறையைவிட அந்த இடம் ஒரு முழம் உயரம். அளந்துதான் வைத்தேன்.