மாமன் மடி

பொன் குறைந்தாலும் பரவாயில்லை, தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். எனக்குக் காது குத்தியபோது வயது ஐந்து.

அம்மாவுக்கு ஒரே தம்பி. சுங்குவார்சத்திரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டதால், இருபுறமும் இரும்புக் கம்பி வைத்துப் பட்டை கட்டியிருப்பார். முட்டி அருகே ஒரு வளையம். அதை மேலே தூக்கினால் 'டக்'கென்று கால் மடங்கும். பிறகுதான் உட்கார முடியும். அவர் வீட்டுக்கு வந்தால் அந்த வளையத்தைத் தூக்குவது என் உத்தியோகம். வேறு யாராவது தொட்டால் ஊரைக் கூட்டிவிடுவேன்.

அன்று சேரப்பணஞ்சேரியில் எங்கள் வாசலில் பந்தல். மாமா வாங்கிவந்த கம்மல், பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாம் முன்வரிசையில் இருந்தன. மாமாவை மட்டும் பந்தி கவனிக்கப் பின்பக்கம் அனுப்பியிருந்தார்கள். மணையில் உட்கார்ந்திருந்தவர் அம்மாவின் பெரியப்பா மகன். ஒரகடம் கம்பெனியில் சூப்பர்வைசர்.

"தம்பி கீழ உக்காந்தா எழுந்துக்கறது கஷ்டம்டி. வீடியோ வேற எடுக்கறாங்க, நாலு பேரு இன்னா நெனப்பாங்க?" என்றாள் பெரியம்மா. அம்மாவும் தலையாட்டினாள். கெட்ட மனசு யாருக்கும் இல்லை, பயம்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

சூப்பர்வைசர் மாமா மடியில் என்னை உட்காரவைத்தார்கள். அவர் முட்டியைத் தடவிப் பார்த்தேன். வளையத்தைக் காணோம்.

"இந்த மாமா கால்ல ஒண்ணுமே இல்ல! எங்க மாமாவக் கூப்புடு!" என்று வீறிட்டேன்.

சத்தம் கேட்டு மாமா கம்பி குலுங்க வந்தார். "வுடுக்கா, யாரு மடியா இருந்தா இன்னா?" என்றார் பெரியம்மாவிடம், என்னைப் பார்க்காமல்.

ஊசியோடு காத்திருந்த ஆசாரிக்குப் பொறுமை போய்விட்டது. "மாமன் மடிதாம்மா கணக்கு, மணையா கணக்கு? ஒரு சேர் எடுத்தாந்து போடுங்க!"

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. காலையிலிருந்தே அது அங்கேதான் கிடந்தது. நான் வளையத்தைத் தூக்கினேன். டக். ராஜா மாதிரி உட்கார்ந்தார் மாமா. நான் மடியில் ஏறிக்கொண்டேன்.

ஊசி இறங்கியபோது நான் அழவில்லை. என் கழுத்தில்தான் சூடாக இரண்டு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து மாமா கண்ணைப் பார்த்துவிட்டு ஆசாரியோடு சண்டைக்குப் போனேன்: "எனக்குக் குத்தறேன்னு மாமாவக் குத்திட்ட!"

பந்தலே சிரித்தது, பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆசாரி கை தவறி மாமாவைக் குத்திவிட்டார் என்றே நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.