பொய்த் துப்பாக்கிக்கு ஒரு ஸ்பிரிங்

ஊமைப் படங்கள் ஓடிய காலத்தில், பினாங்கில் ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு வேலை. கதாநாயகன் சுடும்போது நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சுட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் அவன் இடது கைக்காரன். அவன் கையில் இருந்ததைப் போலவே மரத்திலும் தகரத்திலும் செய்த துப்பாக்கி என் கையில். விசையை இழுத்தால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி பொட்டு வெடியின் மேல் விழும். விழ வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்துபோனதில் நாலு தடவை இழுத்தால் ஒரு தடவைதான் வெடித்தது.

ஒருநாள் வில்லன் செத்து, அவன் மனைவி மேலே விழுந்து அழ ஆரம்பித்த பிறகு வெடித்தது. கொட்டகையே சிரித்தது. கொட்டகை முதலாளியான சீனத் தவுக்கே சத்தம் போடவில்லை. நாளை நாலு மணி ஆட்டத்திலும் இப்படியானால் இனி வர வேண்டாம் என்று மலாயில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

துறைமுகத்தில் மூட்டை விழுந்து கால் நொண்டியானவன் நான். வேறு யார் வேலை தருவார்கள்? வேலையில்லாத தமிழர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனைவிக்கு ஏழு மாதம். இங்கேயே பாகான் டாலாமில் பிறந்தவள். இந்தியாவில் அவளுக்கு ஒரு முகம் தெரியாது. அந்த வயிற்றோடு அவளைக் கப்பல் தளத்தில் நினைத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை முழுக்க ஸ்பிரிங்குக்கு அலைந்தேன். குடைக் கம்பியை வளைத்தேன், வளைந்தபடியே நின்றது. எலிப்பொறியில் உருவியது சுத்தியையே உடைக்கப் பார்த்தது. மூன்று மணிக்கு வெறுங்கையோடு கொட்டகைக்குத் திரும்பினேன்.

அப்போதுதான் திரைக்கு முன்னால் இருந்த ஆர்மோனியம் கண்ணில் பட்டது. அதை வாசிக்கும் அண்ணன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். பல நாள் தன் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளியவர். அவர் தொடவே தொடாத ஓரக் கட்டையின் அடியிலிருந்து ஸ்பிரிங்கை உருவினேன். ஸ்பிரிங் இல்லாவிட்டால் துருத்தி அசைந்ததும் அந்தக் கட்டை தானாகக் கத்தும் என்று எனக்குத் தெரியும். நூலால் இறுக்கிக் கட்டி வைத்தேன்.

ஒரு சுற்றைக் குறைத்துத் துப்பாக்கியில் பொருத்தினேன். பத்து தடவை இழுத்தேன். பத்தும் வெடித்தது. அழுகையே வந்துவிட்டது.

ஆட்டத்தில் சரியாகச் சுட்டேன். வில்லன் விழுந்தான். அவன் மனைவி அழத் தொடங்கினாள். ஆர்மோனியமும் சேர்ந்து அழுதது. அப்போது நூல் அறுந்தது.

ஒரே ஒரு சுரம், எருமை கத்துவது போல, நிற்காமல் கத்தியது. அண்ணன் அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். மறுபடியும் கொட்டகை சிரித்தது.

தவுக்கே ஏற்கெனவே ஒரு கிராமபோன் வாங்கி வைத்திருந்தார். இனி அதுவே போதும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

அண்ணன் பெட்டியின் மூடியைத் திறந்தார். அறுந்த நூலும் ஸ்பிரிங் இல்லாத இடமும் தெரிந்தன. நான் துப்பாக்கியோடு பக்கத்தில் நின்றேன். தவுக்கே இன்னும் வாசலில்தான் இருந்தார். நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். என் மனைவியின் வயிறு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

அவரும் மூடியைச் சாத்தினார்.

"துப்பாக்கி இப்ப நல்லா சுடுது லா, தம்பி," என்றார். "பொண்டாட்டிய பாத்துக்க."

அவருக்கும் வேறு வேலை கிடைக்கவில்லை. அவரைக் கப்பலேற்றிய அன்று நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. நாலு மணி ஆட்டத்தில் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.