குந்தவைக்கு அடுத்த இடம்

குந்தவைக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் அடுத்த நிமிடமே சிரித்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுவாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவே இல்லை. அதனால் நான் நம்புகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். குரலிசை டிப்ளமோ வகுப்பில் நாலே பேர். வலங்கைமானிலிருந்து பஸ் பிடித்து வருகிற குந்தவை வரிசையில் கடைசியாக உட்காருவாள். மேகலா மேடம் ஒரு வரி பாடுவார். நாலு பேரும் ஆளுக்கு ஒரு முறை அதைத் திருப்பிப் பாட வேண்டும். குந்தவை முடித்ததும் மேடம் உடனே அடுத்த வரிக்குப் போகமாட்டார். தொடையில் தாளம் போட்டபடி எட்டு எண்ணிக்கை சும்மா இருப்பார். அப்புறம்தான் அடுத்த வரி.

"மூச்சு வாங்குறாங்கடி. வயசாயிடுச்சுல்ல," என்பாள் பக்கத்தில் உட்காரும் வானதி.

குந்தவைக்கோ பரிட்சைக் கவலை. டிசம்பரில் கடைசி பிராக்டிகல். மாதிரித் தேர்வில் ஃபெயில். இரண்டாம் காலத்தில், வேகமாகப் பாட வேண்டிய இடத்தில், தாளம் தப்பிவிடும். பாஸ் பண்ணினால் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை. இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பாடிப் பழக ஒரு முறை அவளுக்குப் போதவில்லை. அந்த எட்டு எண்ணிக்கை தினமும் வீணாகப் போவது கண்ணை உறுத்தியது.

நவம்பர் 18. அடைமழை. வந்தது வானதியும் குந்தவையும்தான். மதியம் 2:10க்கு வகுப்பு ஆரம்பித்தது. 2:25க்கு கரண்ட் போனது. மேடம் நிறுத்தவில்லை. வானதி பாடினாள். குந்தவை பாடினாள். மேடம் சும்மா தாளம் போட ஆரம்பித்தார்.

குந்தவை இன்னொரு முறை பாடிவிட்டாள்.

மேடத்தின் கை அப்படியே நின்றது.

"அது உன் முறை இல்லம்மா."

"சாரி மேடம். வீணாப் போகுதேன்னு..."

மேடம் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடது பக்கம், காலி ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக அடுத்த வரியைப் பாடினார். வானதி பாடினாள்.

குந்தவையின் முறை. வாயைத் திறந்தாள்... காற்று மட்டும்தான் வந்தது.

எட்டு எண்ணிக்கை முடிந்தது.

அப்போது பாட்டு கேட்டது.

இடது பக்கத்திலிருந்து... குந்தவையின் குரலில்.

இரண்டாம் காலம். ஒரு பிசிறு இல்லை.

வானதி எழுந்து ஓடிவிட்டாள். குந்தவையின் இடது முழங்கால் சில்லென்றது. தொட்டுப் பார்த்தாள். ஜமக்காளம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மேலே கூரை காய்ந்துதான் இருந்தது. நேரம் 2:37.

"யாரு மேடம்?" குரல் எழும்பவில்லை. உதடுதான் அசைந்தது.

மேடத்துக்குப் புரிந்தது. "அம்சம். ஆறு வருசத்துக்கு முன்னாடி அந்த இடத்துல உக்காந்த பொண்ணு. பிராக்டிகல் ஒண்ணுதான் பாக்கி. பரிட்சை அன்னிக்குக் காலைல வெண்ணாத்துல குளிக்கப் போனா. வரல." மேடம் ஈர ஜமக்காளத்தைத் தடவினார். "அவ முறையை யாரு எடுக்குறாங்களோ, அவங்க குரலை அவ எடுத்துக்குவா. நீ ஏம்மா அதை எடுத்தே?"

மறுநாள் குரல் திரும்பி வந்தது. நிம்மதியில் குந்தவை அழுதேவிட்டாள்.

டிசம்பர் 9. பிராக்டிகல். பட்டியலில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு 11:20க்கு உள்ளே போனாள். பாடினாள். வெளியூர்த் தேர்வாளர் தலையாட்டி ரசித்தார். கதவோரம் நின்று கேட்ட வானதி, "கலக்கிட்டடி," என்றாள். பாடும்போது தன் தொண்டையில் ஒரு அசைவும் தெரியவில்லை என்பதைக் குந்தவை யாரிடமும் சொல்லவில்லை. வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஜனவரியில் ரிசல்ட் வந்தது.

குந்தவை... ஆப்சென்ட்.

திங்கட்கிழமை பள்ளியில் சான்றிதழ் காட்ட வேண்டும். பதறியடித்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்கு ஓடினாள். அங்கே வேலை பார்க்கும் அப்துல் மஜீது அண்ணன் நல்ல மனுஷர். அன்றைய கையெழுத்தும் மதிப்பெண்ணும் உள்ள பட்டியலைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உன் பேருக்கு நேரா காலியா இருக்கு பாரும்மா."

காலியாகத்தான் இருந்தது.

"உன் வகுப்புல மத்த மூணு பேரும் போட்டிருக்காங்க. கடைசியில ஏதோ பழைய நம்பர், பேனாவால எழுதிச் சேத்திருக்கு. ஐம்பதுக்கு நாப்பத்தெட்டு. பாஸ்."

குந்தவை குனிந்து பார்த்தாள்.

அம்சம்.

பெயரும் கையெழுத்தும் ஒரே பேனா. இடது பக்கம் சாய்ந்த எழுத்து. தன் நோட்டில் குந்தவை தினமும் எழுதுகிற அதே எழுத்து.