தோள் சொன்ன எடை

கை பொறுக்கிற சூட்டில் அரைச் செம்புத் தண்ணீர். அதைச் சிலிண்டரின் ஒரு பக்கமாக, கழுத்திலிருந்து அடிவரை மெல்ல ஊற்றுகிறார் மரியகுழந்தை. செம்பைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையை இரும்பில் பதித்து மேலிருந்து கீழே இறக்குகிறார். சூடு, சூடு, இன்னும் சூடு. ஓரிடத்தில் சட்டென்று சில்லிப்பு. காதில் செருகியிருக்கும் சாக்குக்கட்டியை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போடுகிறார். "இதுக்குக் கீழதான் கேஸ் கீது. ஒம்பது நாளு வரும். ஞாயித்துக்கெழம கறி எடுத்தீங்கன்னா எட்டு."

சொன்னால் சொன்னதுதான். எட்டாம் நாள் குழம்பு பாதி கொதிக்கும்போது அடுப்பு நீலத்திலிருந்து மஞ்சளாகி, ஒருதரம் விக்கி, அணையும். சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் கோரமண்டல் லைன் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர்தான். பதிவு செய்தால் அடுத்தது வர மூன்று வாரம், நேரம் சரியில்லையென்றால் நான்கு. என்றைக்குத் தீரும் என்று முன்கூட்டித் தெரியாத வீடு, கட்டிலுக்கடியில் கிடக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இழுத்துத் திரி மாற்றிக்கொண்டு கண்ணைக் கசக்கவேண்டியதுதான். அதனால் இவரைப் பார்த்தால் போதும், பெண்கள் அடுப்பில் தண்ணீரை வைத்துவிடுவார்கள்.

சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்க்கிறவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. "அது இன்னா தேங்காயா, காதாண்ட வச்சி ஆட்டிப் பாக்க?" என்பார். தீக்குச்சியைக் கிழித்துக் கசிவு பார்க்கிற வீரர்கள் சிலரும் உண்டு. அவர்களோடு பேசமாட்டார். சோப்பு நுரையை எடுத்துச் சிலிண்டரின் வாயில் தடவிக் காட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

ஐம்பத்தொரு வயது மனிதரை ஊரே 'கொளந்த' என்றுதான் கூப்பிடுகிறது. தலை வழுக்கை, கன்னம் ஒட்டல், இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை இறக்கம். அந்தத் தோள் தங்கச் சுரங்கம் கொடுத்தது. இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில் டிம்பர் வேலை. பாறை சரியாமல் முட்டுக்கொடுக்கிற மரங்களைச் சுமந்து சுமந்து, எந்தக் கட்டை எத்தனை கிலோ என்று தூக்கியதுமே தோள் சொல்லிவிடும். ஷிப்ட் முடிந்து கேஜ் லிஃப்டில் மேலே வந்தால் கேட்டில் சோதனை. பையைக் கொட்டு, வாயைத் திற, முடியை உதறு, கோவணத்தைத் தளர்த்து. பெற்ற தகப்பன் வயசுக்காரனையும் அப்படித்தான் நிறுத்துவார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு குன்றிமணிப் பொன் இவர் உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்ததில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் மரியகுழந்தை கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். வேறு எதற்கும் நிமிர அவருக்குக் காரணமும் இல்லை.

தொண்ணூற்றேழில் ஆள்குறைப்பில் வெளியே அனுப்பினார்கள். கேஸ் ஏஜென்சியில் சைக்கிளில் சிலிண்டர் போடுகிற வேலை கிடைத்தது. இந்த வருஷம் மார்ச்சில் சுரங்கத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். இவரோடு ஷிப்ட் போனவர்களெல்லாம் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் ஊரிகம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை இரண்டு முறை படிக்கிறார்கள். உள்ளூரிலேயே வேலை, மத்தியானம் வீட்டுச் சோறு என்று இருக்கிற மரியகுழந்தையைப் பார்த்தால் அவர்களுக்கு வயிறெரியும். மகள் ஃப்ளோரா பெங்களூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். இன்னும் ஒரு வருஷம் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவள் கரையேறிவிடுவாள். மனிதருக்கு வேறு கணக்கே கிடையாது.

ஜூன் மாதத்தில் ஒருநாள் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்தவருக்கு உடம்பு லேசாக இருந்தது. மறுநாளும் அப்படியே. சுரங்கத்துத் தூசி நெஞ்சைவிட்டு இறங்கிவிட்டது, பலம் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டார். மனைவியிடம், "பத்து வயசு கொறஞ்சிட்டா மாதிரி கீது எனக்கு" என்று சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி நன்றியும் சொன்னார். நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ என்றால் முப்பது கிலோதானே. எடை குறைந்தது சிலிண்டராக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மரத்தை ஈரத்தோடு எடைபோட்டு ஏமாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். இரும்புக்குள் அடைத்து சீல் வைத்ததில் எவன் கைவைப்பான்?

மெழுகுவர்த்தி ஏற்றிய வாரமே தெரிந்தது. காலையில் ஏஜென்சிக்குச் சீக்கிரம் போய்விட்டார். கோடவுனின் பின்பக்கம் ஒரு சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்தி, இன்னொன்றின் வாயோடு குழாய் போட்டு இணைத்திருந்தார்கள். பக்கத்து அண்டாவில் வெந்நீர். அதில் முக்கி எடுத்த பிளாஸ்டிக் சீல்கள் சேதமில்லாமல் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கிலோ. கோடவுன் பொறுப்பாளர் நாகேஷ் பல் குத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"இன்னா பாக்கற? போய் லோடு ஏத்து."

"எட கொறயுதே சார். வூட்டுக்காரங்க கேட்டா இன்னா சொல்றது?"

"கேட்டா பாத்துக்கலாம். ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சின்னு வையி, நீதான் வழியில கேஸ எறக்குனேன்னு எழுதிக் குடுப்பேன். கேட்டாண்ட போய்ப் பாரு, ஒன் எடத்துக்கு நூறு பேரு நிக்கிறான்."

கேட்டருகில் நூறு பேர் இல்லை. ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் தெரிந்த முகம். அதில் ஒருவன், "இன்னா கொளந்தண்ணே, ஆளு எதுனா எடுக்கறாங்களா?" என்று கேட்டான். மரியகுழந்தை லோடு ஏற்றினார்.

அதற்குப் பிறகு அவருடைய பழக்கங்கள் மாறிவிட்டன. சைக்கிளில் எப்போதும் தொங்குகிற ஸ்பிரிங் தராசு கோணிச் சாக்குக்குள் போய்விட்டது. கேட்டால், "அதுல ஸ்பிரிங்கு போச்சி" என்பார். புதுச் சிலிண்டரை வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் கிளம்புவார். "சிம்முல வச்சி எரிங்க, ஊறவச்ச பருப்ப போடுங்க" என்று ஏதோ சமையல் பண்டிதர்போல வீட்டுக்கு வீடு உபதேசம் வேறு. கேட்கிறவர்களும் பாவம், தலையாட்டுவார்கள். ஆனால் வெந்நீர் ஊற்றிக் கோடு போடுவதில் இன்றுவரை ஒரு பிசகு கிடையாது. எவ்வளவு மிச்சம் என்பதில் அவர் பொய் சொன்னதேயில்லை. எவ்வளவு வந்தது என்றுதான் யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் அவர்தான். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தால் கொளந்தயைச் சந்தேகிக்க யாருக்கும் மனசு வரவில்லை. அடுப்பைச் சந்தேகித்தார்கள், ரப்பர் குழாயை மாற்றினார்கள், பக்கத்து வீட்டுக்காரி கண் என்றார்கள். மங்கம்மா தன் மருமகளைச் சந்தேகித்தாள்.

மங்கம்மாவின் புருஷன் மரியகுழந்தையோடு ஒரே ஷிப்ட். இறந்து ஆறு வருஷம். மகன் ரவிகுமார் பெங்களூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருகிறான். மருமகள் சுமா பூதிகோட்டைப் பெண். கல்யாணமாகி ஏழு மாதம். விறகடுப்பில் சமைத்து வளர்ந்தவள். மங்கம்மா வீட்டில் ஒரு சிலிண்டர் இருபத்தாறு நாள் வரும். ஜூலையில் இருபத்திரண்டில் தீர்ந்தது, ஆகஸ்டிலும் இருபத்திரண்டு. நாள்காட்டியில் சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்தாள். மாமியார் இல்லாத நேரத்தில் இவள் வெந்நீர் வைக்கிறாள், அப்பளம் சுடுகிறாள், அடுப்பை அணைக்கத் தெரியவில்லை, எதையோ பொரித்துத் தின்கிறாள் என்று லைன் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஒருநாள் சுமாவின் கையை விரித்து மோந்து பார்த்தாள் என்றுகூடப் பேச்சு. அந்தப் பெண் நான்கு நாளாகப் பழைய சோறு மட்டும் சாப்பிடுகிறாள் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

செப்டம்பரில் மரியகுழந்தை புதுச் சிலிண்டரோடு போனபோது சுமாதான் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, எங்க ஊர்ல ராகி மூட்டைய எட போட்டுத்தான் எடுப்பாங்க. இத்தயும் ஒருதரம் எட போட்டுக் குடுங்க மாமா."

"ஸ்பிரிங்கு போச்சிம்மா."

"பக்கத்து லைன்ல ராகிக் கடைல தராசு கீது. போய் வாங்கியாறேன்."

உள்ளேயிருந்து மங்கம்மா வந்தாள். "கேட்டியா கொளந்த இவ பேச்ச? நீ தூக்கினு வந்தத எட போடணுமாம். இருவத்தாறு வருஷம் தங்கத்துல கெடந்துட்டு துரும்பு எடுக்காத ஆளு, ஒன்னய எட போடுறா." பிறகு மருமகளைப் பார்த்து, "சரி. போட்டுறலாம். கொறச்சலா கீதுன்னா நானே ஏஜென்சி வாசல்ல போய் குந்தறேன். நெறவா கீதுன்னா நாளிக்கிக் காலைல பூதிகோட்ட பஸ்ஸு ஏறிடு. அவன் வந்தா நான் சொல்லிக்கறேன். இன்னா?"

"சரி அத்த," என்றாள் சுமா. அவள் முகத்தில் பயம் இல்லை. மரியகுழந்தையைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அவர் உள்ளதை உள்ளபடி காட்டுவார் என்று இந்தப் பெண்ணும் நம்பிவிட்டாள். அவருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது.

வேறு வழியில்லை; இல்லையென்றால் கடைத் தராசு வந்துவிடும். சைக்கிளுக்குப் போய்ச் சாக்கைப் பிரித்துத் தராசை எடுத்துவந்தார். ஸ்பிரிங் போய்விட்டது என்று இப்போதுதானே சொன்னார் என்று மங்கம்மா கேட்கவில்லை; சைக்கிளடியிலேயே தட்டிச் சரிசெய்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். கொளந்த சொன்னதில் அவளுக்கு எதற்கு ஆராய்ச்சி? நடு உத்திரத்தில் தொட்டில் கட்டுகிற இரும்புக் கொக்கி இருந்தது. அதில் தராசை மாட்டி, சிலிண்டரைத் தூக்கிக் கோத்தார். சிலிண்டர் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஆடியது. தராசின் முகம் அவர் பக்கம் இருந்தது. முள் துள்ளி, மெல்ல இறங்கி, இருபத்தெட்டில் நின்றது. தோள் சொன்னது சரி.

வாயைத் திறந்தால் போதும். ஆனால் நாகேஷின் குரல் காதில் கேட்டது. நீதான் வழியில இறக்கினாய். இருபத்தாறு வருஷத்துக் கேட் சோதனையில் சேர்த்துவைத்த ஒரே சொத்தையும் அந்த ஒரு வரி வாரிக்கொண்டு போய்விடும். ஃப்ளோரா ஹாஸ்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலிலிருந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. இந்தப் பெண் பஸ் ஏறினால் ரவிகுமார் போய்த் திரும்பக் கூட்டிவந்துவிடுவான், நாலு நாள் கோபம், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூட்டி வராவிட்டால் என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆடுது, நிக்கட்டும்" என்றார்.

"இந்தப் பக்கம் திருப்பு கொளந்த, அவ பாக்கட்டும்" என்றாள் மங்கம்மா.

மரியகுழந்தை சிலிண்டரின் பின்பக்கமாகப் போய் நின்றார். ஒரு கையால் கழுத்து வளையத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தராசின் முகத்தை மெல்ல அவர்கள் பக்கம் திருப்பினார். சுமா கிட்டே வந்து, உதட்டை அசைத்து எண்களைப் படித்தாள். முள் முப்பதில் நின்றது. அவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் சிவப்புச் சுழிகள் போட்ட நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, சிலிண்டரின் அடி வளையத்தின் மேல், அது ஆடாமல் இருப்பதற்காக வைத்ததுபோல் வைத்திருந்த அவருடைய வலது கால், நகம் வெளுக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தது.