கொண்டைக்கு வாங்கிய தொப்பி ஊசி

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவில், பழைய சாமான் சந்தையில் அந்த ஊசியைக் கண்டதும் என் கால் நகரவில்லை. ஒரு சாண் நீளம், வெள்ளித் தண்டு, உச்சியில் ஊதாக் கண்ணாடி மணி. கொண்டை ஊசி என்றே நினைத்தேன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம், வேறென்ன நினைப்பேன்?

கோப்பன்ஹேகனில் ஒரு அருங்காட்சியகத்தில் பழைய உடுப்புகளைப் பராமரிப்பது அவள் வேலை. லீவில் வந்தவள் ஊசியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, இது தொப்பி ஊசி!" என்றாள், டேனிஷில். என்னோடு அப்படித்தான் கதைப்பாள்.

அந்தக் காலத்துச் சீமாட்டிகள் கூடையளவு தொப்பி போடுவார்களாம். அது பறக்காமலிருக்கத் தொப்பியையும் உள்ளே சுருட்டிய தலைமயிரையும் சேர்த்து இந்த ஊசியால் குத்துவார்களாம். டிராமில் பக்கத்தில் நிற்பவர்களைக் கீறுகிறதென்று, முனைக்கு மூடி போடச் சொல்லிச் சில ஊர்களில் சட்டமே வந்ததாம். பிறகு பெண்கள் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டார்கள். குத்திப் பிடிக்க ஒன்றுமில்லை, ஊசியும் போய்விட்டது.

"என்னைப் போல" என்று தன் தலையைத் தடவிக் காட்டினாள். ஒட்ட வெட்டிய தலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சவுரி வைச்சுக் கட்டுவம். ஒரு நாளைக்குத்தானே!"

"நை, அம்மா."

டேனிஷில் 'நை' என்றால் 'இல்லை'. அதற்கு மேல் கதையில்லை. பள்ளிக்கூட நாட்களில் என் முழங்கால்களுக்கு நடுவே இருத்தி, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டுவிட்ட தலை அது. சேலையை யாரும் கட்டிவிடலாம், நகையை யாரும் பூட்டிவிடலாம். தலை வாரி இழுத்துவிடுவது என் வேலை. கல்யாணத்தன்றாவது ஒருக்கால் அந்தத் தலையில் கை வைக்கமாட்டேனா என்று ஏங்கிப்போனேன்.

கல்யாணக் காலை வந்தது. கட்டை மயிரில் நாலு மல்லிகைகூட நிற்கவில்லை. பார்க்கப் பொறுக்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவள் வந்து என்னைக் கதிரையில் இருத்தி, என் கொண்டையை அவிழ்த்துச் சீப்பால் வாரி இழுக்கத் தொடங்கினாள். அந்த விரல்கள் என் தலையில் பட்டது அதுவே முதல் தடவை. சுருட்டிக் கட்டி, ஊசியைக் குறுக்கே செருகினாள்.

"நோகுதோ, அம்மா?" தமிழில்தான் கேட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். கொண்டை நேராகத்தான் இருந்தது.

"கோணலாக் கிடக்குது. அவிட்டுப்போட்டுத் திரும்பக் கட்டு" என்றேன்.